ஒரு டயாலிசிஸ் செவிலியரின் தடுப்பூசி விலக்கு: நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஊழியர் நலப் பிரிவில் நான் மருத்துவராக இருந்தேன். 2022 ஜனவரி இரண்டாம் வாரத்தில் இந்த விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. சம்பந்தப்பட்ட செவிலியரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அவருக்கு அப்போது 34 வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், குடியிருப்பது அல்சூரில். டயாலிசிஸ் பிரிவில் ஆறு வருட அனுபவம். விண்ணப்பத்தோடு அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொது மருத்துவரின் கடிதம் இருந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு வரி: 'இவருக்கு ஒவ்வாமை உள்ளதால் எல்லாத் தடுப்பூசிகளிலிருந்தும் விலக்கு அளிக்கவும்.' அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இந்த ஆய்வு முழுவதும்.

காலச்சூழலையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒமிக்ரான் வகை முதன்முதலில் உறுதியானது பெங்களூரில்தான். 2021 டிசம்பர் 2 அன்று அறிவித்தார்கள். அடுத்த நாளே கர்நாடக அரசு, மால்களுக்கும் தியேட்டர்களுக்கும் இரண்டு டோஸ் போட்டவர்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்றது. எங்கள் நிர்வாகமும் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜனவரி 15க்குள் இரண்டு டோஸ் முடிக்காத ஊழியர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு. ஜனவரி 10 முதல் சுகாதாரப் பணியாளர்களுக்கு மூன்றாவதான முன்னெச்சரிக்கை டோஸ் தொடங்கிவிட்டதால், இரண்டாவதே போடாதவர்கள் மேல் நெருக்கடி இன்னும் கூடியது.

பணியாளர் பிரிவு அவருடைய கடிதத்தை ஏற்கவில்லை. 'தடுப்பூசி மறுப்பவர்' என்று கோப்பில் எழுதி, முடிவுக்காக என்னிடம் அனுப்பியிருந்தார்கள். அந்த இரண்டு சொற்கள் எனக்கு இன்றும் உறுத்துகின்றன. 2021 ஜனவரி 16 அன்று நாடு முழுக்கத் தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். இந்தப் பெண் பிப்ரவரி முதல் வாரத்திலேயே தானாகப் போய் ஊசி போட்டுக்கொண்டவர். எங்கள் பிரிவில் பலர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

முதல் சந்திப்பு

"மேடம், எனக்கு ஊசியே ஒத்துக்காது" என்றுதான் ஆரம்பித்தார்.

தமிழ் பேசுகிற எவருக்கும் இந்தச் சொல் தெரியும். கத்தரிக்காய் சாப்பிட்டால் வாய் அரிக்கிறது, ஒத்துக்காது. பால் குடித்தால் வயிறு பொருமுகிறது, ஒத்துக்காது. ஒரு மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, அதுவும் ஒத்துக்காது. பென்சிலின் போட்டு மூச்சு நின்று பிழைத்தவரும் இதே சொல்லைத்தான் சொல்வார். உயிருக்கு ஆபத்தானதும் வெறும் உபத்திரவமும் ஒரே பைக்குள் கிடக்கின்றன. எங்கள் படிவத்தில் இதற்கு 'அலர்ஜி: உண்டு / இல்லை' என்று ஒரே ஒரு கட்டம். பொது மருத்துவர் அந்தப் பையை அப்படியே தூக்கிக் கடிதத்தில் போட்டுவிட்டார், பணியாளர் பிரிவு அதே பையை அப்படியே தள்ளிவிட்டது. பையைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"எந்த ஊசி சிஸ்டர்? எப்போ? எத்தனை நிமிஷத்துல என்ன ஆச்சு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. மூன்று தனித்தனி நிகழ்வுகள் வெளியே வந்தன.

ஒன்று, 2007-இல் நர்சிங் கல்லூரியில் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றுக்கான தடுப்பூசியின் முதல் டோஸ். காலையில் சாப்பிடாமல் வரிசையில் நின்றிருக்கிறார். ஊசி ஏறிய உடனே கண் இருட்டி விழுந்துவிட்டார். முகம் வெளுத்து, உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. படுக்க வைத்துக் காலைத் தூக்கியதும் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. அடுத்த டோஸுக்குப் பயந்து போகவில்லை. அதன் பிறகு யாரும் கூப்பிடவும் இல்லை.

இரண்டு, 2018-இல் குதிகால் வலிக்காக ஓர் எலும்பு மருத்துவர் போட்ட ஸ்டீராய்டு ஊசி. கால் மணி நேரத்தில் கழுத்து, கை, வயிறு எல்லாம் தடித்து அரித்தது. உதடு லேசாக வீங்கியது. 'சில பேருக்கு இப்படித்தான், உடம்பு சூடு' என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்று, 2021 பிப்ரவரியில் கோவிஷீல்டு முதல் டோஸ். இதில்தான் அவர் குரல் மாறியது. ஊசி போட்டு உட்கார்ந்த பத்தாவது நிமிடம் உள்ளங்கையில் அரிப்பு. அப்புறம் தொண்டையை யாரோ பிடிப்பது போல. குரல் கம்மி, நெஞ்சு இறுகியது. அவில் (ஒவ்வாமை மருந்து), எஃப்கார்லின் (ஸ்டீராய்டு) போட்டு, குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்திருக்கிறார்கள். கடும் ஒவ்வாமைக்கு முதலில் போட வேண்டிய அட்ரினலின் போடவில்லை. மாலையில் 'பதற்றம்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதற்றமா, அனாஃபிலாக்ஸிஸா

ஊசி போட்டதும் வரும் மயக்கமும் பதற்றமும் உண்மையிலேயே அதிகம். அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை, மிக அரிது. தடுப்பூசிகளில் பொதுவாகப் பத்து லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஊசி போடும் இடத்தில் 'பயத்தில் வந்தது' என்று நினைப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத அந்த ஒரு முறைதான் ஆளைக் கொல்லும். 2021 மார்ச்சில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 68 வயது முதியவர் ஒருவரின் மரணம் அனாஃபிலாக்ஸிஸால் நேர்ந்தது என்று மத்திய அரசின் குழுவே அந்த ஜூனில் உறுதி செய்தது.

இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் எளிமையானவை. மயக்கம் என்றால் நாடி மெதுவாகும், தோல் வெளுக்கும், படுக்க வைத்தால் தெளியும். அனாஃபிலாக்ஸிஸ் என்றால் நாடி ஓடும், பெரும்பாலும் தோல் சிவந்து தடிக்கும், மூச்சிலும் ரத்த அழுத்தத்திலும் கை வைக்கும், படுக்க வைத்ததால் மட்டும் சரியாகாது. திடீரென்று தொடங்கி, வேகமாக வளர்ந்து, உடம்பின் ஒன்றுக்கு மேற்பட்ட மண்டலங்களைத் தாக்குகிறதா என்றுதான் தடுப்பூசிப் பக்கவிளைவுகளை வகைப்படுத்தும் பிரைட்டன் வரையறையும் கேட்கிறது.

ஆனால் பதினோரு மாதம் கழித்து இதை எப்படி நிரூபிப்பது? கடும் ஒவ்வாமையில் ரத்தத்தில் கூடும் டிரிப்டேஸ் என்ற பொருளின் அளவைப் பார்த்திருந்தால் உதவியிருக்கும். அதை நான்கு மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

உதவியது அவருடைய தோழியின் கைப்பேசி. ஊசி போட்ட நேரம் 11.40 என்று அட்டையில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி 11.52-க்கு எடுத்த படத்தில் இரண்டு முன்கைகளிலும் வரைபடம் போலத் தடிப்பு. அவரும் செவிலியர்தான். கைகால் பதறும் நேரத்திலும் அட்டையின் பின்பக்கத்தில் நாடி 124, ரத்த அழுத்தம் 80/50 என்று பேனாவால் குறித்து வைத்திருந்தார். தோல், மூச்சு, ரத்த ஓட்டம் மூன்றும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. இதற்குப் பதற்றம் என்று பெயர் வைக்க முடியாது. அந்தப் படமும் கிறுக்கலும் இல்லாவிட்டால் எனக்கும் இவ்வளவு உறுதி வந்திருக்காது.

சுகாதார அமைச்சகம் 2021 ஜனவரியில் அனுப்பிய, யாருக்கு ஊசி கூடாது என்று சொல்லும் முரண்குறிப் பட்டியலின் முதல் வரியே, முந்தைய டோஸுக்கு அனாஃபிலாக்ஸிஸ் வந்தவருக்கு அதே ஊசி கூடாது என்பதுதான். அடுத்த வரி மற்ற ஊசி மருந்துகளுக்கு வந்த கடும் ஒவ்வாமையையும் சேர்த்தது. அப்படியென்றால் குதிகால் ஊசியைப் பற்றி அன்று யாராவது கேட்டிருந்தால் முதல் டோஸே தள்ளிப்போயிருக்கும். கேட்டார்களாம், 'அலர்ஜி இருக்கா?' என்று. இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது அலர்ஜி இல்லை, சூடு. இன்னொன்றும் உண்டு: ஒவ்வாமை வந்தால் நாம் கொடுக்கிற மருந்தே ஸ்டீராய்டு. அதைப் போட்டதால் ஒவ்வாமை என்று ஒரு செவிலியருக்குக்கூட எளிதில் தோன்றாது.

பொதுவான பொருள்

கோவிஷீல்டில் வைரஸ் கூறு தவிர எல்-ஹிஸ்டிடின், மெக்னீசியம் குளோரைடு, சர்க்கரை, எத்தனால், உப்பு, இடிடிஏ, பாலிசார்பேட் 80 ஆகியவை உண்டு. கடைசியில் சொன்னது எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள். ஐஸ்கிரீமிலும் இருக்கும். டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியிலும் இருக்கும். குதிகால் ஊசியின் பழைய சீட்டைக் கிருஷ்ணகிரி வீட்டிலிருந்து தம்பி தேடிப் படம் அனுப்பினார். அதே டிரையாம்சினோலோன்.

ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பினேன். அவர் அந்த ஊசி மருந்தை நீர்த்து முன்கைத் தோலில் குத்திப் பார்த்தார். பதினைந்து நிமிடத்தில் தடித்தது. பாலிசார்பேட் இல்லாத வேறொரு ஸ்டீராய்டுக்குத் தோல் அசையவில்லை. தோல் சோதனை மட்டுமே முழுச் சான்று ஆகாது. பாலிசார்பேட் சில சமயம் வெறும் எரிச்சலாலும் தோலைத் தடிக்க வைக்கும். இங்கே இரண்டு நிகழ்வுகளும் சோதனையும் ஒரே பொருளை நோக்கிக் கை காட்டின. நாங்கள் அதை ஏற்றோம்.

யாரும் கேட்காத கேள்வி

இதற்கிடையே என்னைத் தூங்கவிடாமல் செய்தது கொரோனா ஊசி அல்ல, 2007-இன் ஹெபடைடிஸ் பி.

டயாலிசிஸ் பிரிவில் வேலை என்றால் நாள் முழுக்க ரத்தக் குழாயோடும் தடித்த ஊசிகளோடும்தான். ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் ஏழு நாள் வரை தொற்றும் வலுவோடு இருக்கும். பி உள்ள நோயாளிக்குத் தனி இயந்திரம் ஒதுக்குவது இதனால்தான். தடுப்பூசி போடாதவருக்கு, தொற்றுள்ள நோயாளியின் ஊசி குத்தினால் வைரஸ் வர 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு. எச்ஐவிக்கு அது 0.3 சதவீதம். எல்லோரும் எச்ஐவிக்குத்தான் நடுங்குகிறார்கள்.

அவருடைய சேர்க்கைப் படிவத்தில் 'ஹெபடைடிஸ் பி: போட்டாயிற்று' என்று ஒரு டிக். ஒரு டோஸ் போட்டவரிடம் 'போட்டிருக்கிறீர்களா' என்று கேட்டால் 'ஆமாம்' என்பது பொய் இல்லை. 2019-இல் அவருக்கு ஊசி குத்தி, விபத்துப் பதிவும் ஆகியிருக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கோப்பை மூடிவிட்டார்கள். அன்றும் அவருடைய எதிர்ப்பணு (ஆன்டிபாடி) அளவை யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். தொற்று இல்லை. பாதுகாப்பும் இல்லை. 10 அலகாவது இருக்க வேண்டிய எதிர்ப்பணு அதற்கும் கீழே கிடந்தது. ஆறு வருடம், அந்தப் பிரிவில்.

இப்போது அந்தக் கடிதத்தை மறுபடி படியுங்கள். 'எல்லாத் தடுப்பூசிகளிலிருந்தும் விலக்கு.' நல்ல எண்ணத்தில், ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்ற எழுதியது. நான் அதை அப்படியே ஏற்றிருந்தால் கோவிஷீல்டிலிருந்து அவரைக் காப்பாற்றியிருப்பேன். ஹெபடைடிஸ் பி முன்னால் கையைக் கட்டி நிறுத்தியிருப்பேன். பணியாளர் பிரிவைப் போல நிராகரித்திருந்தால் சம்பளத்துக்காக இரண்டாவது கோவிஷீல்டைப் போட்டுக்கொண்டிருப்பார். பயத்தோடு அவரே என்னிடம் சொன்னார்: "வீட்டு வாடகை இருக்கு மேடம். போட்டுக்கலாம்னுதான் இருந்தேன்."

மருத்துவ விலக்கு ஒரு நோயறிதல் போன்றது. யாருக்கு, எந்த ஊசி, என்ன காரணம், எவ்வளவு காலம், அதுவரை வேலையில் என்ன பாதுகாப்பு என்பது வரை சொன்னால்தான் அது முழுமை. அமெரிக்காவில் 2021 நவம்பரில் மருத்துவமனை ஊழியர்களுக்குக் கட்டாய விதி வந்தபோது, விலக்குச் சான்றில் எந்தெந்தத் தடுப்பூசி கூடாது, அதற்கு ஏற்கப்பட்ட மருத்துவக் காரணம் என்ன என்று தனித்தனியாக எழுத வேண்டும் என்றார்கள். விண்ணப்பிப்பவரே மருத்துவராக இருந்தாலும் தனக்குத் தானே கையெழுத்திட முடியாது என்றும் அதில் இருந்தது. கட்டாயத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்தச் சான்றின் வடிவம் சரியானது. நம் ஊரில் பெரும்பாலும் ஒரு லெட்டர்ஹெட்டும் ஒரு முத்திரையும் போதும்.

என்ன செய்தோம்

கொரோனா ஊசிக்கு: கோவிஷீல்டு இனி நிரந்தரமாகக் கூடாது. கோவாக்சினில் பாலிசார்பேட் 80 கிடையாது. மருத்துவக் கணக்கில் அதைக் கண்காணிப்போடு போட்டிருக்கலாம். ஆனால் அன்றைய விதிப்படி இரண்டாவது டோஸும் முதல் டோஸின் அதே தடுப்பூசியாகத்தான் இருக்க வேண்டும். தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் வேறொன்றை ஏற்கவில்லை. அதனால் ஆறு மாத விலக்கு, விதி மாறினால் உடனே மறுபரிசீலனை என்று எழுதினேன். கொரோனா உள்ள நோயாளிகளுக்கு இரவில் தனியாக டயாலிசிஸ் நடக்கும் ஷிஃப்டிலிருந்து அவரை எடுத்து, பொருத்திச் சோதித்த என்95 முகக்கவசத்தோடு வழக்கமான பகல் ஷிஃப்டில் போட்டோம்.

நிர்வாகத்தோடு வாதம் வந்தது இரவு வேலைக்கான படிப்பணத்தில்தான். ஷிஃப்ட் மாறியதால் அந்தப் பணம் போய்விடும். விலக்கு கேட்டதற்குத் தண்டனை போல அது ஆகக் கூடாது என்று இரண்டு கூட்டங்களில் பேசினேன். மூன்று மாதம் கொடுத்தார்கள், அதற்கு மேல் முடியாது என்றார்கள். எனக்கு அது போதவில்லை. பல ஊழியர்கள் உண்மையான ஒவ்வாமையை மறைப்பது இந்தக் கணக்கால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஹெபடைடிஸ் பிக்கு: இங்கே விலக்கு இல்லை. 2007-இல் நடந்தது மயக்கம். அந்த ஊசி ஈஸ்ட்டில் தயாராவது. சில தயாரிப்புகளில் அது ரொட்டி உப்ப வைக்கும் அதே ஈஸ்ட். தினமும் மாலை டீயோடு பன் சாப்பிடுகிறவருக்கு ஈஸ்ட் ஒவ்வாமை இருக்க வழியில்லை. மருந்தகத்தில் கிடைத்த தயாரிப்புகளின் உள்ளடக்கச் சீட்டுகளை வாங்கிப் படித்து, பாலிசார்பேட் இல்லாததைத் தேர்ந்தெடுத்தோம். பதினைந்து வருடம் ஆனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீதம் இரண்டு டோஸ்தான்.

பிப்ரவரியில் இரண்டாவது டோஸ். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். படுக்க வைத்தே போட்டோம். அட்ரினலின் 0.5 மில்லி, தொடையில் போடத் தயாராக ஊசியில் ஏற்றி, பக்கத்து ட்ரேயில் இருந்தது. அவர் அந்த ட்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். 2021-இல் தனக்குப் போடாத மருந்து அது என்று அவருக்குத் தெரியும். முப்பது நிமிடம் போனது, ஒரு மணி நேரமும் போனது. ஒன்றும் ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்து அழுதார். நானும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஏப்ரலில் மூன்றாவது டோஸ். ஜூனில் பார்த்தபோது எதிர்ப்பணு 10-ஐ நன்றாகத் தாண்டியிருந்தது.

நீதிமன்றம் சொன்னது

அந்த இடைவெளியில், 2022 மே 2 அன்று, தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் பி.ஆர். கவாயும் சொன்னது: உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது, யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. பொது சுகாதாரத்துக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அப்போதைய தொற்று நிலையில் ஊசி போடாதவர்களைத் தடுப்பது தேவைக்கு ஏற்ற அளவானது என்று காட்டப்படவில்லை. தடுப்பூசிக் கொள்கையே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பக்கவிளைவு அறிக்கைகளை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

எங்கள் மருத்துவமனை சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றது. வரவேற்கிறேன். அதோடு மருத்துவ விலக்கு என்ற பேச்சே நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. மறுக்கிற உரிமை வேறு, மறுக்காமலேயே போட்டுக்கொள்ள முடியாத உடம்பு வேறு. இந்தச் செவிலியர் ஒருநாளும் மறுத்தவர் இல்லை. கொரோனா அலை போய்விட்டாலும் ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ, அம்மை ஊசிகள் மருத்துவமனையில் இருக்கத்தான் போகின்றன. கர்ப்பமாக இருக்கும் செவிலியருக்குத் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் கூடாது, பிரசவம் முடிந்ததும் போடலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு உயிருள்ள கிருமி ஊசிகள் கூடாது, மற்றவை கூடும். இவை எதற்கும் 'எல்லா ஊசியும்' என்ற கடிதம் பொருந்தாது.

தீர்ப்புக்குப் பிறகு பணியாளர் பிரிவில் கேட்டு, அவர் கோப்பிலிருந்து 'மறுப்பவர்' என்பதை அடிக்க வைத்தேன். அடித்ததில் தேதியும் கையெழுத்தும் இருக்கிறது.

பின்தொடர்தல்

ஜூலை மறுபரிசீலனையில் கொரோனா ஊசி விலக்கை நீட்டித்தோம். அடையாள அட்டைக்குப் பின்னால் வைக்க ஒரு சிறு அட்டை அச்சடித்துக் கொடுத்தேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும்: பாலிசார்பேட் 80, அனாஃபிலாக்ஸிஸ். கீழே இரண்டாவது வரி: மற்ற தடுப்பூசிகள் போடலாம், உள்ளடக்கம் பார்த்து. இரண்டாவது வரியைச் சேர்க்கச் சொன்னது அவர்தான்.

செப்டம்பரில் ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசி வந்தது. பல ஃப்ளூ ஊசிகளில் பாலிசார்பேட் 80 உண்டு. அவர் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பெட்டிக்குள் மடித்திருந்த சீட்டைக் கேட்டு வாங்கி, ஓரமாக நின்று பொடி எழுத்தைப் படித்தார். பிறகு அதை என்னிடம் கொண்டுவந்து ஒரு வரியை விரலால் காட்டினார். "மேடம், இதுல இருக்கு. இல்லாத பிராண்ட் ஒண்ணு சொல்லி வரவழைக்கலாமா?"

மருந்தகத்துக்கு எழுதினேன். பத்து நாளில் வந்தது.